பார்த்தவர் பெயர்

ஒன்பது மணி ஐந்துக்கு மூடுபனி மறுபடியும் ஏறிவந்து எருமைக்கல் மேட்டை மூடியபோது சந்தனமாரிக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை அவள் பத்தொன்பது வருடங்களாக வேறொருவருக்கென்று எடுத்து வைத்திருந்தாள், அதைப் பனியின்மேல் செலவழிக்க மனமில்லை. அந்த வேறொருவர் அவளுக்கு இடப்பக்கம், கை எட்டும் தொலைவில், மடக்கு நாற்காலியில் கம்பளிக் குல்லாயும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் தணிகாசலம். எழுபத்தொரு வயது. கண்ணழுத்த நோய் அவருடைய இரண்டு கண்களையும் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, நடுவில் சாவித்துவாரம் அளவுக்குக் கலங்கலான வெளிச்சத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. எதிரே மலை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மலைமேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது. பூச்சிகளை வைத்துப் பேர் வாங்கிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான நோயை அவளே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இப்படி நினைப்பது கெட்ட புத்தி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நினைத்தாள். "மூடிருச்சாம்மா?" என்றார் அவர். "மூடிருச்சு சார்." "அவன் இருக்கானா?" "இருக்கான்." அவன் என்றது எதிரே இரண்டு முழத் தொலைவில், தட்டைக் கல்லின்மேல், ஆறு கால்களையும் பரப்பி வயிற்றைக் கல்லோடு ஒட்டவைத்துக் கிடந்த கொள்ளை ஈயை. சாம்பல் நிறம், ஒட்டிய இடுப்பு, முகமெல்லாம் மீசை. பிடிபட்ட இரை உதறும்போது அதன் நகம் கண்ணில் பட்டுவிடாதிருக்கவே அந்த மீசை என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. புத்தகம் பேராசிரியருடையது. வாக்கியம் அவளுடையது. அவருடைய முகத்திலும் ஒரு மீசை உண்டு, நரைத்து, நன்றாகக் கத்தரிக்கப்பட்டு. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவரும் நிறையப் பேரைத் தின்றிருக்கிறார், ஒருவர் நகமும் அவர் கண்ணில் பட்டதில்லை. அந்தக் கண்ணைக் கடைசியில் அதனுடைய அழுத்தமே தின்றது.

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இரண்டு மணி நேரக் காவல். அசையக்கூடாது, பேச்சு குறைவாக இருக்க வேண்டும், எது எதைப் பிடித்தாலும் கை நீட்டக்கூடாது. இவையெல்லாம் தணிகாசலம் வகுத்த விதிகள். நோட்டில் ஐந்து கட்டம்: நேரம், வெப்பம், வேட்டையாடியது, இரை, பார்த்தவர் பெயர். பக்கத்தின் அடியில் உடனிருந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் அவர் வகுத்ததுதான். விதி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பனிக்குள் கல்லும் ஈயும் மஞ்சள் பூக்களும் ஒரே சாம்பல் பூச்சாக மங்கின. வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது. இந்த உயரத்தில் பனி இறங்கினால் கொல்லுகிறதும் சாகிறதும் ஒன்றுபோல விறைத்துப் போகும், அதைத்தான் அவள் இருபத்துமூன்று வயதில் முதன்முதலாக இங்கே உட்கார்ந்து கண்டாள். பூவின்மேல் இரை, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி அதைத் தின்னப் போகிறது, இரண்டுக்கும் இறக்கையை அசைக்கத் திராணியில்லை. அடுத்தடுத்த படுக்கையில் கிடக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகள்போல ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கும். பிறகு பனி விலகும். வெயில் எதன்மேல் முதலில் விழுகிறதோ அது முதலில் சூடேறும், முதலில் சூடேறியது தின்னும், பிந்தியது தின்னப்படும். வீரமும் இல்லை, பலமும் இல்லை, கல்லின் எந்தப் பக்கத்தில் இடம் கிடைத்தது என்பதுதான் கணக்கு. அவளுக்குக் கிடைத்தது நிழல் பக்கம். சிவகிரியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேறெந்தப் பக்கம் கிடைக்கும்? அப்பா டிக்கெட் பையோடு வந்து விடுதி வாசலில் நின்று "பூச்சி படிச்சா என்ன வேலைம்மா கெடைக்கும்?" என்று கேட்டதும், "மருந்தடிக்கிற வேலைப்பா" என்று இவள் சொன்னதும், அவர் அதை நிஜமென்று நம்பிச் சந்தோஷப்பட்டதும். இப்போது எதற்கு அப்பா? பனிக்குள் உட்கார்ந்தால் இறந்தவர்கள் எல்லோரும் கூப்பிடாமலே வந்துவிடுகிறார்கள்.

"அன்னைக்கும் இதே கல்லுதான்" என்றார் பேராசிரியர். பேச்சு குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி அவருக்குக் கிடையாது. "மொத தேனீய நான் இங்கதான் பாத்தேன். டக்குனு மேல போய்த் தூக்கிட்டு வந்து வெச்சான் பாரு, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அதோட பின்னங்கால்ல மஞ்சளா மகரந்த உருண்டைகூட இருந்துச்சு." சந்தனமாரி நோட்டின்மேல் பார்வையை வைத்துக்கொண்டாள். மகரந்தம். இது புதிது. அவளுடைய பழைய நோட்டில் மகரந்தம் இல்லை, எழுதியவளுக்குத் தெரியாதா? திருடினவர் திருடிய புடவைக்குத் தானே ஒரு ஜரிகை வைத்துத் தைத்திருக்கிறார். கண்ணுக்குள் நிற்கிறதாம். எந்தக் கண்ணுக்குள்? அவளைத் திடுக்கிட வைத்தது பொய் அல்ல. அந்தக் குரலில் பொய் இல்லாததுதான். அவர் நம்புகிறார். பத்தொன்பது வருடம் மேடைமேடையாகச் சொல்லிச் சொல்லி, தான் பார்க்காத ஒன்றைத் தன் நினைவாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார். பழிவாங்கப்படுகிறவனுக்குத் தான் செய்தது தெரிந்திருக்க வேண்டும், அதுதான் பழியின் ருசி. இந்த மனிதரிடம் போய் நீ திருடினாய் என்றால், நாக்கு கூசாமல் திரும்பி, என்னம்மா உளறுகிறாய் என்று வருத்தப்படுவார். நிஜமாகவே வருத்தப்படுவார். அந்த வருத்தத்தை அவள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்?

அவள் பார்த்தவை பதினொன்று. ஒரு வாரம், தினமும் இரண்டு மணி நேரம், விரல் மரத்துப்போய்ப் பென்சில் பிடிக்க முடியாமல் கைவிரல்களை அக்குளில் செருகி எடுத்துச் செருகி எடுத்து, பதினொரு வேட்டை. பதினொன்றுக்கும் இரைக் கட்டத்தில் தேனீ என்று எழுதினாள். அதுதான் பெரிய சங்கதி. ஏனென்றால் தேனீ, சோலைக்காட்டு மரப்பொந்தில் ஆயிரம் பேரோடு ஒட்டி உறவாடிச் சூடேற்றிக்கொண்டு வருகிறது. கொள்ளை ஈக்கு வீடும் இல்லை, உறவும் இல்லை, வெயில் விழுந்தால் சூடு, இல்லையென்றால் கல். குளிரில் கிடப்பது சூட்டோடு பறந்து வருவதை எட்டிப் பிடிக்கவே முடியாது. பிடிக்கிறது என்று சொன்னால், அதுவரை எல்லோரும் நினைத்திருந்தது தலைகீழாகும். நோட்டை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்கு ஓடினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேசையைக் காட்டினார். "நோட்ட வெச்சுட்டுப் போம்மா. பாத்துச் சொல்றேன்." ஒன்பது நாள் கழித்து, விடுதி அறையில், இரையை உறிஞ்சிவிட்டு ஈ கீழே போடும் கூடுகளைத் தீப்பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் சீட்டு வைத்து, லென்ஸுக்கடியில் பரப்பினாள். இரண்டு இறக்கை. அடுத்ததும் இரண்டு. அடுத்ததும். தேனீக்கு நான்கு. பதினொன்றில் ஒன்றுகூடத் தேனீ இல்லை. எல்லாமே தேனீயின் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு திரியும் பூ ஈ, பருத்த கண்ணும் கட்டைக் கொம்புமாக, எவரும் கொட்டுவான் என்று பயந்து ஒதுங்க வேண்டும் என்பதற்காக வேடம் கட்டிய பயந்தாங்கொள்ளி. இரண்டு முழத் தூரத்தில் கண்ணும் குளிரில் விறைக்கும் என்று எந்தப் பாடத்திலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினாள், சார் தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தணிகாசலம் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க, கட்டுரை அனுப்பி ஆச்சு. பதினொண்ணு. நானே மேல உக்காந்து பாத்தேன்ல." அந்த நானேயில் அவளுடைய கால் நின்றது. நின்ற காலை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதை எத்தனை முறை நினைத்திருப்பாள். நினைப்பு ஒவ்வொரு முறையும் அந்தக் கதவில் வந்து இடறும். உள்ளே போயிருந்தால்? போகவில்லை. தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்ட அந்த நொடியே அவள் கொள்ளை ஈயாகிவிட்டாள், கல்லில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருப்பது தொடங்கிவிட்டது. கட்டுரை வந்தது, அவள் பெயர் இல்லை. நன்றி சொன்ன வரிசையில், ஜீப்புக்கு டீசல் கொடுத்த இலாகாவுக்கும் கீழே, உதவிய மாணவர்களுக்கு என்று இருந்தது. துறைக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே இல்லை. "சார், பார்த்தவர் பெயர் கட்டத்தில என் பேரு இருந்துச்சு. கட்டுரைல எங்க?" தணிகாசலம் சிரித்தார். "பூச்சிக்கெல்லாம் பேர் வெக்கிறவங்க நாம, நமக்கெதுக்கும்மா பேரு?" அறையே சிரித்தது. ஐந்து ஆசிரியர்கள் இருந்தார்கள். ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எது எதைப் பிடித்தாலும் கை நீட்டக்கூடாது என்ற விதி அந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். பிறகு அவர் தேனீ தின்னும் ஈயைக் கண்டுபிடித்தவர் ஆனார், பரிசு வாங்கினார், புத்தகம் எழுதினார். அவள் பெண்கள் கல்லூரி ஒன்றில் வாரம் பதினெட்டு மணி நேரம் கரப்பான் பூச்சியின் வாயைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி அவளோடு மூன்று வீடு மாறியது. ஒருமுறை அவள் கணவன் கொசுவத்தி பற்றவைக்க அதை எடுத்துக் குலுக்கி, "என்னடி இது, குச்சி சத்தமே வரல" என்றபோது, அவள் பாய்ந்து பிடுங்கிய வேகத்தில் அவன் நகக்கண்ணில் ரத்தம் வந்தது. இப்போது அது அவளுடைய கோட்டின் வலப்பையில் இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. பதினொரு பேரும் இருக்கிறார்கள்.

"மேடம், டீ." பனியைக் கிழித்துக்கொண்டு போஜன் வந்தான், ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் டம்ளர்கள். இந்த மலை ஆள், ஐம்பதைத் தாண்டியவன், அன்றைக்கும் அவன்தான் டிரைவர், ஜீப்புதான் வேறு. "ஒரு மணி நேரமா ஒரே கல்லப் பாக்குறீங்க. கல்லே வெக்கப்பட்டு எந்திரிச்சுப் போயிரும் போல." பேராசிரியருக்குக் குஷி வந்துவிட்டது. "ஏம்ப்பா போஜா, நீ யானையப் பாத்தா எவ்வளவு நேரம் நின்னு பாப்ப?" "யானையப் பாத்தா எங்க சார் நிக்கிறது? ஓடிருவேன்." "ஈயப் பாத்து யாரும் ஓடமாட்டாங்க, அந்தத் தைரியத்துலதான் நாங்க இந்தப் படிப்புக்கு வந்தோம்" என்றாள் சந்தனமாரி. போஜன் சிரித்துக்கொண்டே டம்ளரைப் பேராசிரியரின் கையைத் தேடிப் பிடித்து வைத்தான். வைத்துவிட்டு, கள்ளமில்லாமல், நல்ல விஷயம் சொல்கிற முகத்தோடு சொன்னான்: "சார இப்பிடிக் கீழ எறங்கி உக்காந்து இப்பதான் பாக்குறேன். அப்பல்லாம் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு ஜீப்புக்குள்ளயேதான சார் இருப்பீங்க. மேடம் மட்டும் இங்க உக்காந்து வெறச்சுக் கெடப்பாங்க." பனி கொஞ்சம் அடர்ந்தது. எங்கோ கீழே சோலைக்குள் ஒரு பறவை தொண்டையைக் கனைத்து நிறுத்திக்கொண்டது. "டீல சக்கரை தூக்கல்" என்றார் பேராசிரியர். போஜன் தலையைச் சொறிந்துகொண்டு ஜீப்புக்குப் போனான்.

தெரிகிறது, அவருக்குத் தெரிகிறது. சக்கரை என்றாரே, அந்தச் சக்கரையில் தெரிந்தது. மறந்தவன் அப்படியா என்று கேட்டிருப்பான், டீக்குத் தாவியிருக்க மாட்டான். சந்தனமாரியின் அடிவயிற்றில் ஒரு சூடு பரவியது. டீயின் சூடு அல்ல. அவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து, சுருதி குறைந்த குரலில், "இன்னொரு மலைல ஆராய்ச்சி பண்றவன் ஒருத்தன் மூணு சீசன் உக்காந்து பாத்து, இந்த ஈ ஒரு தேனீயக்கூடப் பிடிக்கலன்னு எழுதிட்டாம்மா. பதிப்பகத்துக்காரங்க புதுசா ஒரு பதிவு இருந்தாத்தான் ரெண்டாம் பதிப்பு போடுவோம்னு சொல்றாங்க. அதான் உன்னக் கூப்பிட்டேன். உன் கண்ணு வேணும் எனக்கு" என்றார். போனிலும் இதையேதான் சொன்னார். உன் கண்ணு வேணும். எதையும் நேரடியாகக் கேட்கும் மனிதர்தான், கொடுக்கத்தான் தெரியாது. அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒப்புக்கொண்டாள். நல்ல மனசு என்று அவர் நினைத்தார். திட்டம் எளிமையானது. இன்று ஈ பிடிக்கும். பிடிப்பது வழக்கம்போலப் பூ ஈயாக இருக்கும். அவர் தேனீதானே என்று கேட்பார். அப்போது தீப்பெட்டியைத் திறந்து பதினொன்றையும் அவருடைய உள்ளங்கையில் கொட்டி, எண்ணுங்கள் சார், ஆளுக்கு இரண்டு இறக்கை, விரலால் தடவி எண்ணுங்கள் என்பாள். அந்த உள்ளங்கை நடுங்குவதை அவள் எத்தனை வருடம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். ஆனால் ஒத்திகையும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் இடறும். பழைய நோட்டு அவரோடு போய்விட்டது, திருட்டுக்கு அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி பெட்டிக்குள் கிடக்கும் அந்தத் தவறுதான், தவறோ அவளுடையது. கொட்டினால் உலகம் என்ன சொல்லும்? பெரியவர் நம்பிக் கெட்டார், கண்டக்டர் மகளுக்கு ஈக்கும் தேனீக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லும். திருடியவரைவிடத் திருட்டுக் கொடுத்தவள்தான் அதிகம் சிரிக்கப்படுவாள். அவர் முகத்தில் கரி பூச வேண்டுமென்றால் முதலில் தன் கையைக் கரியில் தோய்க்க வேண்டும். இந்தப் பயத்தில்தான் பத்தொன்பது வருடம் போனது, பழிக்காகக் காத்திருந்தேன் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டதெல்லாம் பாதிப் பொய், கேலிக்குப் பயந்து ஒடுங்கிக் கிடந்தேன் என்பதுதான் மீதி. கல்லின்மேல் கிடப்பது வேட்டைக்காரியா, வெறும் விறைத்த பூச்சியா? வெயில் வராதவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பத்து முப்பத்தெட்டுக்குக் கிழக்கே பனி நூல் பிரிந்ததுபோல ஓர் இடத்தில் விட்டது. வெளிச்சம் முதலில் தட்டைக் கல்லின்மேல் விழுந்தது, கல்லின்மேல் மட்டும். பூக்கொத்து பாறையின் நிழலில் இன்னும் சாம்பலாகவே இருந்தது. கொள்ளை ஈ முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது, பல் தேய்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவன் மாதிரி. வெப்பமானி பதினொன்று, பன்னிரண்டு. மஞ்சள் பூ ஒன்றின் அடியில், ஒன்பது மணியிலிருந்தே அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கரும்புள்ளி, பூ ஈ என்று அவள் மனம் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்ட புள்ளி, நடுங்கத் தொடங்கியது. நடுங்கி நடுங்கிச் சூடேற்றிக்கொண்டு, பாரத்தோடு, சரியாக விழிக்காதவன் எழுவதுபோல எழுந்தது. எழுந்த அதே கணத்தில் கல்லின்மேல் ஈ இல்லை. காற்றில் ஒரு முடிச்சு விழுந்த சத்தம், உயர்ந்த சுருதியில் ஒரு ரீங்காரம், அது பாதியில் அறுந்தது. இரண்டும் ஒன்றாகப் புல்லில் விழுந்து, புரண்டு, மறுபடி தாவி வசதியான இடம் தேடி உட்கார்ந்தன. உட்கார்ந்த இடம் பேராசிரியர் தணிகாசலத்தின் இடது ஷூவின் நுனி.

சந்தனமாரி முழங்காலிட்டாள். அவருடைய காலடியில் குனிவது அவளுக்கு ஒரு கணம் உறைத்தது, பிறகு மறந்தது. லென்ஸுக்குள் கொள்ளை ஈயின் மீசை, அதன் கூர்வாய் இரையின் கழுத்துக்குப் பின்னால் இறங்கியிருந்த இடம், கீழே துவண்டு கிடந்த இரை. கொம்பைப் பார்த்தாள். நீளமாக, முழங்கைபோல மடிந்திருந்தது. கண்ணைப் பார்த்தாள். சின்னது. மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கையைப் பார்த்தாள். ஒன்று, அதன் அடியில் கொக்கிபோட்டு மாட்டியதுபோல இன்னொன்று. மறுபக்கம் ஒன்று, அதன் அடியில் இன்னொன்று. நான்கு. மறுபடி எண்ணினாள். நான்கு. பின்னங்காலில், கண்ணைக் குத்துகிற மஞ்சளாக, ஓர் உருண்டை மகரந்தம். பொந்துக்குத் திரும்பாமல் நேற்று வெளியிலேயே மாட்டிக்கொண்டு, ஆயிரம் பேரின் சூட்டைவிட்டுப் பிரிந்து, தனியாகக் கிடந்து, மற்ற எல்லாவற்றையும் போலக் குளிர்ந்து போன தேனீ. இப்படித்தான் பிடிக்கிறது. தேனீயைப் பிடிக்கிறது என்பது நிஜம், அது எப்படி முடிகிறது என்பதும் இப்போது நிஜம். அவளுக்கு முதலில் வந்தது ஆனந்தம், சுத்தமான, இருபத்துமூன்று வயது ஆனந்தம். அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவர் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது. அவர் ஒட்டவைத்த ஜரிகை வரைக்கும், மகரந்தம் வரைக்கும் நிஜமாகிவிட்டது. இந்த மனிதருக்குப் பூச்சிகூட ஓடிவந்து ஷூமேல் உட்கார்ந்து சாட்சி சொல்கிறதே. ஒரு விரல் நீட்டி உதறினால் போதும். பூ ஈ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரால் சரிபார்க்க முடியாது, இனி இந்த மலைக்கு அவர் வரப்போவதும் இல்லை. நாக்கின் நுனியில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தது. அவள் அதை ருசி பார்த்தாள். அது அவருடைய ருசி. பார்த்ததை இல்லையென்பதும் பார்க்காததைப் பார்த்தேன் என்பதும் ஒரே வாயிலிருந்து வருகிறவைதான். அந்த வாய் தனக்கு வேண்டாம் என்று விழுங்கிவிட்டாள். விழுங்கியதும், இத்தனை வருடம் இடறிய இடத்தில் கால் இடறவில்லை. தவறு என்னுடையது, எழுதுவேன். முதல் வரியிலேயே எழுதுவேன், பதினொன்றும் பூ ஈ, பார்த்தவள் நான், ஏமாந்தவள் நான் என்று. ஏமாறுவதற்காவது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தவறை அப்படியே அச்சில் ஏற்றியவர் பார்க்கவே இல்லை. பன்னிரண்டாவதுதான் தேனீ. அதையும் நான்தான் பார்த்தேன்.

"பிடிச்சுட்டான்ல? சத்தம் கேட்டுச்சு. எங்க வெச்சுருக்கான்?" "உங்க ஷூ மேல சார்." அவர் முகம் குனிந்தது, சாவித்துவாரத்தை அங்கும் இங்கும் நகர்த்தித் தேடியது, தன் ஷூவையே கண்டுபிடிக்காமல் நின்றது. "தேனீதானே?" குரலில் இருந்த கெஞ்சலை அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு நோட்டை மடியில் விரித்தாள். "நேரம் பத்து நாப்பது. வெப்பம் பன்னண்டு. சார், பார்த்தவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க பாத்தீங்களா?" "என்னம்மா கேள்வி இது?" "நீங்க போட்ட கட்டம் சார். நிரப்பாம விட்டா பதிவு செல்லாதுன்னு நீங்கதான் சொல்வீங்க. பாத்தீங்களா?" வெயில் இப்போது அவர் முகத்துக்கும் வந்திருந்தது. "இல்ல" என்றார். "சரியாக் கேக்கல." "இல்லம்மா. நான் பாக்கல." இதை அவர் பத்தொன்பது வருடம் முன்னால், போனில், கதவு பாதி திறந்திருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை, தாமதமாகவாவது வந்தது. அவள் எழுதினாள், எழுதியதை அட்சரம் பிசகாமல் வாய்விட்டுப் படித்தாள்: "பார்த்தவர், சு. சந்தனமாரி. உடனிருந்தவர், பேராசிரியர் தணிகாசலம், பார்க்கவில்லை." இரைக் கட்டத்தை மட்டும் எழுதினாள், படிக்கவில்லை. அவருடைய விரலைப் பிடித்துப் பக்கத்தின் அடியில் வைத்தாள். விரல் சில்லிட்டிருந்தது. பேனா கொஞ்ச நேரம் காகிதத்தைத் தொடாமல் நின்றது. பிறகு கையெழுத்து, கோட்டைவிட்டு இறங்கி, சரிந்து, ஆனால் அவருடையதேதான் என்று யாரும் சொல்லும்படி விழுந்தது.

கொள்ளை ஈ அவசரப்படவில்லை, அவளும் அவசரப்படவில்லை. பத்து ஐம்பத்தாறுக்கு அது உறிஞ்சி முடித்துக் கூட்டை ஷூவிலிருந்து நழுவவிட்டுப் பறந்தது. சந்தனமாரி அதை இடுக்கியால் எடுத்து, கோட்டுப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, பதினொன்றுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு என்று சீட்டு எழுதி வைத்தாள். தீப்பெட்டி மூடிய சின்னச் சத்தத்துக்குப் பேராசிரியர் தலையைத் திருப்பினார். "அது என்ன?" "பழைய பெட்டி சார். அந்த வருஷத்தோடது. அன்னைக்குப் பிடிச்ச பதினொண்ணும் இதுலதான் இருக்கு. ஒண்ணுகூடத் தேனீ இல்ல." நாற்காலியின் கைப்பிடிகளை அவர் பற்றிக்கொண்ட விதத்தில், மலை கொஞ்சம் சாய்ந்ததென்று தோன்றியது. ஜீப்பில் போஜன் ஹாரனைத் தட்டி, "மேடம், பதினொண்ணாச்சு!" என்று குரல் கொடுத்தான். "இன்னைக்கு?" என்றார் தணிகாசலம், காற்றைவிட மெல்லிய குரலில். "இன்னைக்குப் பிடிச்சது என்னன்னு சொல்லும்மா. நோட்டக் குடு, பதிப்பகத்துக்கு நான் அனுப்பணும்." கை நீண்டது. சந்தனமாரி எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, நோட்டை மூடிக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள். "பாத்துச் சொல்றேன்."